முக்கோணம் இருந்தால் போலி

சிடியை உடைக்கச் சொல்வதில் கர்ட் ஹாகனுக்கு ஒரு தனி ருசி.

மில்வாக்கி விமான நிலையத்துக்கு எதிரே உள்ள ஓட்டலில் வருஷா வருஷம் ஏப்ரல் மாதம் வீடியோ கேம் ரசிகர்கள் கூடுவார்கள். கேமில் வரும் பாத்திரங்களாக வேஷம் கட்டியவர்கள் தாழ்வாரமெங்கும் அட்டை வாளோடும் பஞ்சு வாலோடும் திரிவார்கள். லிஃப்டில் ஒருவர் வால் இன்னொருவர் காலில் மாட்டிக்கொள்ளும். அந்தக் கூட்டத்தில், விற்பனைக் கூடத்தின் வாசலிலேயே ஒரு மேசையைப் போட்டு, 'சோதனை மேசை' என்று துணியில் எழுதித் தொங்கவிட்டு, கர்ட் உட்கார்ந்துவிடுவான். உள்ளே வாங்கிய கேம் இசை சிடியை யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து காட்டலாம். ஒரிஜினலா, திருட்டா என்று காசு வாங்காமல் சொல்லிவிடுவார்கள். ஒரிஜினல் என்றால் கைகுலுக்கல். திருட்டு என்றால், வாங்கியவரே அதை எல்லார் முன்னாலும் இரண்டாக உடைத்து வாளியில் போட வேண்டும். சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர் கிடைக்கும். பணமும் போய் பாட்டும் போய் நிற்கிறவனுக்கு ஸ்டிக்கர்!

"உடைப்பா, உடை! பல்லு புடுங்கற மாதிரிதான், ஒரு செகண்டு!" என்று கர்ட் கத்துவான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். அறுபது பிள்ளைகளை உட்காரவைத்துப் பழகிய தொண்டை அது. கூடத்தின் மறுகோடி வரைக்கும் கேட்கும். உள்ளே கடை போட்டிருந்த வியாபாரிகள் அவனைப் பார்த்தால் பல்லைக் கடிப்பார்கள்.

கத்துவது அவன் வேலை, பார்ப்பது ஜோலீன் வேலை. ஜோலீன் ரடாட்ஸ் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் சில்லு தேய்ப்பவள். முடி அளவு கீறல் இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சிடியின் நடு ஓட்டையைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி மின்னும் ஒரு வளையம் உண்டல்லவா, ஆலைக்காரன் தன் எண்ணை அதில்தான் பொடிப்பொடியாகப் பொறிப்பான். அட்டைப்படத்தை நகலெடுக்கலாம். ஜப்பானிலிருந்து வரும் சிடிகளின் முதுகில் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையைக்கூட அச்சு அசலாக அடித்துவிடலாம். வளையத்தில்தான் திருடன் மாட்டுவான். ஜோலீன் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு வளையத்தை விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

இந்த மேசைக் கும்பலுக்கு ஒரு மரியாதை உண்டு. நண்பர்களுக்குள் வளையம் பார்க்கக் கூடாது. வெளியாள் கொடுத்தால் நூறு தடவை சாய்த்துப் பார், தப்பில்லை. கூட்டாளி கொடுத்ததை விளக்கடியில் சாய்த்தால் அது அவன் முகத்தில் அறைவதற்குச் சமம். அப்படிச் சாய்த்த ஒருவனை அதற்குப் பிறகு யாருமே சாப்பிடக் கூப்பிடவில்லை.

'உப்புக் கோபுரம்' ஜோலீனுக்கு அப்படித்தான் வந்தது. அது ஜப்பானில் மட்டும் வெளியான ஒரு விளையாட்டு. விளையாட்டை நாலு பேர் மறந்திருந்தாலும் அதன் இசையை மறந்தவர் கிடையாது. கொஞ்சமாக அச்சடித்து, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஒரிஜினல் வைத்திருக்கும் ஒரே ஆள் என்று கர்ட்டுக்குப் பெயர். அதைக் கேட்டுக் கேட்டு அவன் உயிரை வாங்கி, கடைசியில் தன் அலமாரியில் ஒரு தட்டு முழுக்க இருந்த பழைய ஆல்பங்களை, அத்தனையும் அப்பழுக்கில்லாத ஒரிஜினல்களை, அள்ளிக் கொடுத்து ஜோலீன் அதை மாற்றிக்கொண்டாள். வளையத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பிரயோசனம் இல்லை என்பது இப்போதுதானே தெரிகிறது. வருஷா வருஷம் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து மேசைமேல் காட்சிக்கு வைப்பார்கள். பக்கத்தில் 'இதுதான் அசல்' என்று ஒரு சீட்டு.

திருட்டு சிடியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று இணையத்தில் அவர்கள் எழுதிய பக்கங்களைத்தான் ஊரெல்லாம் வேதமாக வைத்திருந்தார்கள். கனடாவிலிருந்துகூடக் கேட்டு எழுதுவார்கள். 'உப்புக் கோபுரம்' பற்றிய பக்கத்தைக் கர்ட் எழுதினான். அட்டை, பட்டை, அச்சு எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள், வளையத்தில் எண்ணுக்குப் பின்னால் ஒரு குட்டி முக்கோணம் இருந்தால் அது போலி, இல்லாவிட்டால் அசல். அவ்வளவுதான் விஷயம்.

அந்த முக்கோணம்தான் லயலை வெளியே அனுப்பியது.

லயல் ப்ரிட்சர்ட் சைக்கிள் ரிப்பேர்க்காரன். ஜோலீனோடு பே வியூவில் ஒரு மாடி வீட்டில் மூன்று வருஷம் குடித்தனம் நடத்தியவன். கல்யாணம் எப்போது என்று இரண்டு வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச காலம் நாகோயாவில் ஆங்கில வாத்தியாராக இருந்திருக்கிறான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏப்ரலில், அம்மா வீட்டு நிலவறையில் பழைய பெட்டிகளைக் குடைந்தபோது அவன் கைக்கு ஒரு 'உப்புக் கோபுரம்' கிடைத்தது. மறுநாளே சிரித்த முகமாக மேசைக்குக் கொண்டுவந்தான். "இனிமே நம்ம வீட்ல ரெண்டு!" என்றான்.

கர்ட்தான் முதலில் வாங்கி, கூட்டாளி என்றும் பாராமல் வளையத்தைச் சாய்த்துப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "முக்கோணம்," என்றான்.

"வெளையாடாத. நாகோயால, ரிலீஸ் ஆன வாரமே, கடையில கியூவுல நின்னு வாங்கினது."

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க லயல். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி ஒருத்தன் அவங்க அத்தை டோக்கியோல இருந்து கொண்டுவந்ததா சொன்னான்."

லயல் ஜோலீனிடம் கொடுத்தான். அவள் லென்ஸை வைத்துப் பார்த்தாள். குட்டி முக்கோணம், சந்தேகத்துக்கே இடமில்லாமல் இருந்தது.

"நீ என்ன சொல்ற?" என்று கேட்டான் லயல்.

"முக்கோணம் இருக்கு."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. லயல் சிடியை வாங்கி இரண்டாக உடைத்தான். கைதட்டினார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு சண்டை. சிடி போனதற்காக இல்லை. ஏலத்தில் ஏமாந்து வாங்கியிருந்தால் வாங்கினேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, நாகோயா, கியூ என்று எதற்கு அளந்தான்? ஜோலீனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவன் கடைசி வரைக்கும் நாகோயாவையே சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு சிடிக்கே இப்படி மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றவன் வேற எதெதுல சொல்லியிருப்பான், யோசி," என்று கர்ட் ஒரு நாள் அக்கறையாகச் சொன்னான். அவள் யோசித்தாள். யோசிக்க ஆரம்பித்தால் அதற்கு முடிவு ஏது? தாமதமாக வந்த நாட்கள், எடுக்காத போன்கள் எல்லாம் வரிசைகட்டி வந்து நின்றன. இலையுதிர்காலத்தில் லயல் தன் சாமான்களை இரண்டு பெட்டியில் கட்டிக்கொண்டு போனான். அந்தக் குளிர்காலம் முழுக்க, வெள்ளிக்கிழமை தவறாமல், கர்ட் அவளை மதுக்கடைக்குக் கூட்டிப்போய் பொரித்த மீனும் கம்பு ரொட்டியும் வாங்கிக் கொடுத்து, அழவிட்டு, மூக்கைத் துடைக்கக் காகிதமும் நீட்டினான். கூடப்பிறந்தவன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான் என்று அவள் தன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இந்த ஏப்ரலில், ஞாயிற்றுக்கிழமை காலை, மேசைக்கு ஒரு அம்மாள் வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. ஜப்பானியர். பக்கத்தில் ஒரு கையில் வேஷத்திலிருந்து கழன்ற நீலச் சிறகும் மறு கையில் வறுத்த சீஸ் பொட்டலமுமாக அவருடைய மகள்.

"எங்கம்மாவுக்கு வெக்கம். நான்தான் இழுத்துட்டு வந்தேன்," என்றாள் மகள். "அந்த கண்ணாடிப் பெட்டியப் பாத்ததும் ஒரே சந்தோஷம் இவங்களுக்கு."

அம்மாள் பையிலிருந்து ஒரு 'உப்புக் கோபுரம்' எடுத்து மேசைமேல் வைத்தார். ஓரமெல்லாம் தேய்ந்திருந்தது. முதுகுப் பட்டை கிழிந்து, டேப் போட்டு ஒட்டியிருந்தது.

"சோதிக்கத்தானே?" என்று கர்ட் கையை நீட்டினான்.

"ஐயோ, அதுக்கில்ல. இந்த ஆல்பத்தைப் புடிச்சவங்க இங்க இருக்காங்கன்னு மக சொன்னா. சும்மா பேசலாம்னு வந்தேன்," என்றார் அவர். பெயர் ஹிசாயே முரோட்டா என்றார். மேடிசனில் பிள்ளைகளுக்கு வயோலா, வயலினுக்கு அக்கா மாதிரி ஒரு வாத்தியம், சொல்லிக் கொடுக்கிறாராம்.

கர்ட் அதற்குள் பெட்டியைத் திறந்து சிடியைச் சாய்த்துவிட்டான். பழக்க தோஷம். "முக்கோணம் இருக்கு மேடம். மன்னிச்சுக்குங்க, திருட்டு. எங்க விதி தெரியுமில்ல? நீங்களே உடைச்சுடுங்க." கூட்டத்தைப் பார்த்து, "வாங்க வாங்க, ஒண்ணு மாட்டிக்கிச்சு!" என்றான்.

அம்மாளுக்கு முதலில் புரியவில்லை. மகளைப் பார்த்தார். புரிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

"இத எனக்கு ஸ்டுடியோல கொடுத்தாங்க," என்றார். "இதுல வாசிச்சிருக்கேன் நான். வாசிச்ச எல்லாருக்கும் ஆளுக்கொண்ணு கொடுத்தாங்க."

"சரிதான்," என்று கர்ட் சிரித்தான். "போன வருஷம் ஒருத்தர் இசையமைப்பாளரோட மச்சான்னு வந்தாரு."

"கர்ட், சும்மா இரு," என்றாள் ஜோலீன். அம்மாளின் பக்கம் திரும்பி, "எதுல வாசிச்சீங்க?" என்று கேட்டாள். வம்புக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கலங்கரை விளக்கப் பாட்டு வருமே. அதுல வயோலா தனியா இழுக்குற இடம். எனக்கு அன்னிக்கு சளி, ஜுரம். நடுவுல வில் கொஞ்சம் நழுவிடுச்சு. மறுபடி வாசிக்கறேன்னு கெஞ்சினேன். வேணாம், அது அழுகை மாதிரி இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்னுட்டாங்க. இப்பவும் அந்த இடம் வந்தா நான் காதைப் பொத்திக்குவேன்."

ஜோலீனுக்கு அந்த நழுவல் தெரியும். எத்தனை தடவை கேட்டிருப்பாள்! வேண்டுமென்றே அப்படி எழுதியது என்று நினைத்திருந்தாள். லயலோடு சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, அந்த இடம் வரும்போது இரண்டு பேரும் பேச்சை நிறுத்துவார்கள். இந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. இப்படி ஒரு பொய்யை யாரும் புனைய முடியாது.

லென்ஸைச் செருகிக்கொண்டு அம்மாளின் சிடியைப் பார்த்தாள். எண், அதற்குப் பின்னால் குட்டி முக்கோணம். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தன்னுடையதை எடுத்தாள். எண். பின்னால் ஒன்றும் இல்லை. மறுபடி அம்மாளுடையது. மறுபடி தன்னுடையது.

"உடைக்க வேணாம் மேடம்," என்றாள். "உள்ள வச்சுடுங்க. உங்களோடதுதான் அசல். ஒரு அஞ்சு நிமிஷம் இங்கயே உக்காருங்க, ப்ளீஸ். கர்ட், வெளிய வா."

"வரிசையில ஆள் நிக்குது ஜோ."

"வா."

ஐஸ் இயந்திரம் கடகடக்கும் சந்தில் போய் நின்றார்கள்.

"என்கிட்ட இருக்கறது திருட்டு சிடி," என்றாள்.

"அந்தம்மா யாரோ எவரோ. வந்து ஒரு கதை சொன்னா உடனே நம்பிடறதா?"

"அது கதை இல்லன்னு உனக்கும் தெரியும்."

கர்ட் தாடியைச் சொறிந்தான். "சரி. அப்ப நானும் ஏமாந்திருக்கேன். ஏலத்துல வாங்கினது அது. ரெண்டு பேருமே ஏமாந்தோம். யார்தான் ஏமாறல? நாளைக்கே பக்கத்தைத் திருத்திடுவோம், சத்தம் போடாம."

நம்பிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஏமாறுவது குற்றமில்லை. அந்த மேசையில் எத்தனை பேரை அவள் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கிறாள்! ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஏமாந்தவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதும் அவளுக்கு அத்துப்படி. 'போலி' என்றதும் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். கையை நீட்டுவார்கள்.

"லென்ஸைக் குடுன்னு நீ கேக்கல," என்றாள்.

"என்ன?"

"இத்தனை வருஷத்துல ஒருத்தன்கூட 'குடு, நான் ஒரு தடவ பாக்கறேன்'னு கேக்காம போனதில்ல கர்ட். சின்னப் பசங்க கேப்பாங்க. கிழவங்க கேப்பாங்க. நீ கேக்கல. ரெண்டு சிடியும் என் கையில இருந்துச்சு, நீ திரும்பிக்கூடப் பாக்கல. உனக்கு எப்பவோ தெரியும்."

அவ்வளவு பெரிய தொண்டை. இப்போது இயந்திரச் சத்தத்துக்கு அடியில் அமுங்கித்தான் வந்தது.

"பக்கத்த எழுதறதுக்கு முந்தின வாரம் தெரிஞ்சுது," என்றான் கர்ட். "ஒசாகால ஒருத்தர் தன்னோட சிடிய படம் புடிச்சு அனுப்பினாரு. அதுல முக்கோணம் இருந்துச்சு. அதுக்குள்ள என்னோடதுதான் அசல்னு நான் ஊரெல்லாம் சொல்லிட்டேன் ஜோ. எத்தனை பேர அழ அழ உடைக்க வச்சிருக்கேன். என்னோடத நானே உடைச்சுப் போட்டா சும்மா விடுவானுங்களா? காலத்துக்கும் சிரிப்பானுங்க."

"அதனால மாத்தி எழுதிட்ட."

"ஒரே ஒரு வரி."

"அந்தச் சனியன என் தலையில கட்டின."

"நீதான் கேட்ட! வருஷம் முழுக்க உயிர எடுத்த. வீட்டுல அதப் பாக்கப் பாக்க எனக்கும் கசந்துச்சு. உன்கிட்ட போனா உனக்கும் சந்தோஷம், எனக்கும் தொல்ல விட்டுச்சுன்னு…"

"என் அலமாரி முழுக்க வாரிட்டுப் போனியேடா, அதுவும் கசந்துச்சா?"

ஜோலீன் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது அல்ல. பயந்த கேள்வியை இப்போதுதான் கேட்டாள்.

"லயல் கொண்டுவந்தது?"

கர்ட் இயந்திரத்தைப் பார்த்தான். "அது நல்ல சிடிதான்."

"அப்பவே தெரியும் உனக்கு."

"தெரியும்."

"அவன் நாகோயான்னு சொன்னப்ப, அது நெசம்னு தெரியும். தெரிஞ்சுக்கிட்டே அவன உடைக்க வச்ச. அவன் உடைக்கிறப்ப கைதட்டின."

"எல்லாரும்தான் தட்டினாங்க," என்றான் கர்ட். "நீயும்தான் தட்டின ஜோ."

அவளுக்கு அது ஞாபகம் இல்லை. இல்லையென்று சொல்ல வாயெடுத்தாள். முடியவில்லை, ஏனென்றால் தட்டியிருப்பாள். உடைத்தால் தட்டுவது அங்கே வழக்கம். கை தானாகத் தட்டியிருக்கும்.

"அப்புறம் வந்து சொன்னியே, ஒரு சிடிக்கே பொய் சொல்றவன்னு. அத எதுக்கு சொன்ன? உடைச்சதோட விட்டிருக்கலாமே!"

"நீ அவன நம்பிட்டா? வீட்டுக்குப் போய் ரெண்டு பேரும் நாகோயா கடைக்கு எழுதிக் கேட்டா? என் கதி என்ன ஆவறது? அதுக்காக நீங்க பிரிவீங்கன்னு நான் என்னத்த கண்டேன். ரெண்டு நாள் முகத்தத் தூக்கி வச்சிருப்பீங்க, அப்புறம் சரியாப் போயிடும்னு நெனச்சேன்."

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை எனக்கு மீன் வாங்கிக் கொடுத்தியே."

"பாவமா இருந்துச்சு."

அந்த வார்த்தையில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திருடினான், சரி. பொய் எழுதினான், சரி. பாவப்பட்டானாம்! எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, லயலை அவள் திட்டத் திட்டத் தலையாட்டி, மீன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்துப் பாவப்பட்டான். அவனை அறைந்துவிடலாம் என்று கை துறுதுறுத்தது. அறைந்தால் அதோடு கணக்குத் தீர்ந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான் என்று தோன்றியது. கையை ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"வெளிய சொல்லிடாத," என்றான் கர்ட். குரல் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இறங்கியிருந்தது. "மேசையே போயிடும். அதோட, பக்கத்துக்கு அடியில உன் பேரும் இருக்கு. மொதப் பேரே உன்னோடதுதான். பாக்கறவ நீதானேன்னு நான்தான் மொதல்ல போட்டேன்."

அவள் திரும்பி நடந்தாள்.

ஹிசாயே அம்மாள் சிடியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், யாராவது பிடுங்கிவிடுவார்களோ என்பதுபோல. ஜோலீன் அவர் முன்னால் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். பிறகு வரிசையைப் பார்த்து நின்றாள். கத்திப் பேசிப் பழக்கமில்லாதவள். "உப்புக் கோபுரம் பத்தி நாங்க எழுதினது பொய்," என்றாள். "முக்கோணம் இருக்கறதுதான் அசல். எங்க பேச்சக் கேட்டு யாராவது முக்கோணம் இருந்தத உடைச்சிருந்தா, நீங்க உடைச்சது அசல். நான் அசல்னு காட்டிட்டு இருந்தது திருட்டு. இதோ, இதுதான்."

நரி வேஷத்தில் நின்ற ஒரு ஆள் தலையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டான். நாற்பது வயதிருக்கும். வேர்த்திருந்தது. "போன வருஷம் நான் உடைச்சேனே?" என்றான். "நீங்கதான் பாத்துச் சொன்னீங்க."

"ஆமா," என்றாள் ஜோலீன். "நான்தான்."

"நெசமாவா? ஒரு தடவ நல்லா…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். நல்லா பார்க்க என்ன இருக்கிறது? அவன் நரித் தலையை மாட்டிக்கொள்ளாமலே போனான்.

ஜோலீன் அங்கே நிற்கவில்லை. சிடியை, லென்ஸை, கண்ணாடிப் பெட்டியை எல்லாம் அப்படியே போட்டுவிட்டுக் காரை எடுத்தாள்.

லயலின் கடை பே வியூவில்தான், அவர்கள் இருந்த வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. இத்தனை நாளும் அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். பனி உருகிய முதல் நல்ல ஞாயிறு. ஊர் முழுக்கச் சைக்கிளைக் கொண்டுவந்து அவன் வாசலில் சாய்த்திருந்தது. அவன் ஒரு சக்கரத்தைச் சுழலவிட்டு அதன் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஜோ!" என்றான். ஆச்சரியம்தான், வேறொன்றும் இல்லை. "சைக்கிள் ஓட்ட ஆரம்பிச்சுட்டியா?"

"அது ஒரிஜினல்தான் லயல்."

"எது?"

அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. அவள் சொன்னாள். வயோலா அம்மாள், முக்கோணம், ஒசாகாக்காரர் அனுப்பிய படம், கர்ட், ஐஸ் இயந்திரம், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். அவன் கந்தல் துணியில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டான்.

"கர்ட்டா," என்றான் கடைசியில். "அன்னிக்கு அவன் கைதட்டல் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருந்துச்சு."

"கர்ட் என்னை நல்லா ஏமாத்திட்டான் லயல். ரெண்டு வருஷம் எதிர உக்காந்துக்கிட்டு. நீ சொன்னது அத்தனையும் நெசம். கடை, கியூ, எல்லாம். நான்தான் உன்னை என்னென்னவோ சொல்லிட்டேன்."

"ம்."

"ஆனா முக்கோணம் இருந்துச்சே. அந்தப் பக்கத்த வச்சுத்தானே நான் பாக்க முடியும்? என் நெலமையில யாரா இருந்தாலும் அதத்தானே சொல்லியிருப்பாங்க?"

லயல் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"நான் உடைக்கறதுக்கு முன்னாடி உன்ன ஒண்ணு கேட்டேன்," என்றான். "'நீ என்ன சொல்ற'ன்னு. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. முக்கோணம் இருக்குன்னு சொன்னேன்."

"சிடியப் பத்தியா நான் கேட்டேன்? அது என்னன்னு எனக்குத் தெரியும் ஜோ, வாங்கினவன் நான். அத்தனை பேரு முன்னாடி கர்ட் என்னப் பொய்யன்னு சொல்லிட்டு நிக்கறான். நீ என்ன சொல்றன்னுதான் கேட்டேன். நீ நிமிரவே இல்ல."

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "லயல், சூப் ஆறுது, அவங்களையும் சாப்பிடக் கூப்பிடேன்," என்றது. யார் வந்திருப்பது என்று தெரியாத குரல், நல்ல குரல்.

ஜோலீன் அவன் முகத்தைப் பார்த்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் கூட அழலாம் என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தாள். அந்த முகத்தில் கோபம் கொஞ்சம்கூட மிச்சமில்லை. சைக்கிள் கொண்டுவந்து விட்டவர்களை எப்படிப் பார்ப்பானோ அப்படித்தான் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாப்பிடறியா?" என்று கேட்டான்.

"இல்ல, வேல இருக்கு," என்றாள் ஜோலீன். வெளியே வந்து, சாய்த்திருந்த சைக்கிள்கள் எதுவும் விழுந்துவிடாமல் ஓரமாக நடந்து காருக்குப் போனாள்.